சேஸிஸ் எண்ணிலிருந்து தொடங்குங்கள்: அரிய கார்களின் உரிமை வரலாற்றைத் தேடும் முறை

தென்காசிப் பக்கத்திலிருந்து எழுதிய ஒரு தம்பி இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கேட்டிருக்கிறார். உலகத்தில் மொத்தம் 106 மட்டுமே செய்யப்பட்ட மெக்லாரன் எஃப்1 கார்களில் எந்த எண் எந்த ஆண்டில் எந்த நாட்டில் யார் கையில் இருந்தது என்று ஆர்வலர்கள் சொல்கிறார்களே, அவர்கள் அதை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்பது முதல் கேள்வி. செங்கோட்டை வீட்டில் தாத்தா காலத்து ஆஸ்டின் ஏ40 ஒன்று ஓடாமல் நிற்கிறது, அது தாத்தாவுக்கு முன் யாரிடம் இருந்தது என்பதை அதே வழியில் கண்டுபிடிக்க முடியுமா என்பது இரண்டாவது. பாளையங்கோட்டையில் வாகனக் காப்பீட்டு சர்வேயராக இருப்பதால் சேஸிஸ் எண்களோடும் ஆர்.சி. புத்தகங்களோடும்தான் என் பொழுது போகிறது. சூப்பர் கார்களின் வரலாற்றைப் படிப்பது அதற்கு மேல் ஒட்டிக்கொண்ட பைத்தியம். இரண்டு கேள்விகளுக்கும் அடிப்படை ஒன்றே என்பதால் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

நெல்லைச் சீமையில் நிலம் வாங்கிப் பழகிய குடும்பத்தாருக்கு இதைப் பாதி சொன்னால் போதும். வயலுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் மூலப்பத்திரம் எங்கே என்று கேட்கிறோம், வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம், சர்வே எண் பத்திரத்துக்குப் பத்திரம் மாறாமல் வருகிறதா என்று விரல் வைத்துப் படிக்கிறோம், நடுவில் ஒரு கிரயம் காணவில்லை என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்கிறோம். அரிய கார்களைத் தேடுகிறவர்கள் செய்வதும் இதுவேதான். காரின் அடிச்சட்டத்தில் அடித்திருக்கும் சேஸிஸ் எண் அவர்களுக்குச் சர்வே எண்; நம்பர் பிளேட் வெறும் கதவிலக்கம், எப்போது வேண்டுமானாலும் மாறும். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும், அந்தக் காலத்திலேயே, விற்பனையில் ஆதாயம் இல்லாத ஒருவர் எழுதிய ஒரு காகிதம் இருக்கிறதா என்பதே அவர்கள் கேட்கும் கேள்வி. காகிதம் இல்லாத இடத்தை வெற்றிடமாகவே விட்டுவைக்கிறவர்தான் நல்ல ஆராய்ச்சியாளர். அதைக் கதையால் நிரப்புகிறவர் விற்பனையாளர்.

எண்ணிலிருந்தே தொடங்கலாம். 1981 முதல் அமெரிக்கச் சந்தைக்குப் போன கார்களிலும், பின்னர் ஏறக்குறைய எல்லா நாடுகளிலும், 17 எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாள எண் வந்தது. ஒன்றோடும் சுழியத்தோடும் குழம்பும் என்பதால் ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகளும் அதில் வராது. முதல் மூன்று இடங்கள் தயாரிப்பாளரைக் காட்டும்: ஃபெராரிக்கு இசட்.எஃப்.எஃப்., லம்போர்கினிக்கு இசட்.எச்.டபிள்யூ. மூன்றாவது இடத்தில் 9 என்று இருந்தால் அது ஆண்டுக்கு மிகக் குறைவான வண்டிகளைச் செய்யும் சிறு நிறுவனம் என்று பொருள். இத்தாலியின் பகானிக்கு இசட்.ஏ.9, ஸ்வீடனின் கோனிக்செக்குக்கு ஒய்.டி.9. அதற்கு முந்தைய கார்களில் இந்த ஒழுங்கு கிடையாது. ஒவ்வொரு தொழிற்சாலையும் தனக்கென்று ஒரு கணக்கு வைத்திருந்தது. ஃபெராரி நெடுங்காலம் சாலைக் கார்களுக்கு ஒற்றைப்படை எண்ணையும் பந்தயக் கார்களுக்கு இரட்டைப்படை எண்ணையும் கொடுத்தது. 1962 முதல் 1964 வரை செய்யப்பட்ட 250 ஜி.டி.ஓ. பந்தயத்துக்கென்றே பிறந்த கார் என்றாலும், ஜி.டி. வகுப்பில் பதிவானதால் ஒற்றைப்படை எண்களைப் பெற்றது. அதில் 36 கார்கள்தான் உண்டு. 2018-இல் அமெரிக்க ஏலத்தில் 4 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போனதை ஆர்வலர்கள் சிவப்பு ஃபெராரி என்று சொல்வதில்லை, 3413 என்றுதான் சொல்வார்கள். நிறம் மாறும், உரிமையாளர் மாறுவார், எண் மாறக் கூடாது.

இந்த உரிமைச் சங்கிலியின் முதல் கண்ணியைத் தருவது தொழிற்சாலை. ஃபெராரியில் கிளாசிக்கே என்ற பிரிவும், லம்போர்கினியில் 2015 முதல் போலோ ஸ்டோரிகோ என்ற பிரிவும் தங்கள் பழைய கோப்புகளைப் பார்த்து, இந்த சேஸிஸில் எந்த எண் இன்ஜினும் கியர்பாக்ஸும் பூட்டப்பட்டு, எந்த நிறத்தில், எந்த நாளில், எந்த டீலருக்குப் போனது என்று சான்று தருகின்றன. இன்ஜின் எண்ணும் கியர்பாக்ஸ் எண்ணும் பிறந்தபோது இருந்தபடியே இருந்தால் அந்தக் காரை மேட்சிங் நம்பர்ஸ் என்பார்கள். விலையில் பெரும் பங்கு அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. ரோல்ஸ்ராய்ஸ் கார்களுக்குச் சேஸிஸ் கார்டு என்று தொழிற்சாலையில் எழுதிய குறிப்பட்டை ஒன்று உண்டு. அவற்றை இங்கிலாந்தில் அந்தக் கார்களின் ஆர்வலர் சங்கம் பாதுகாத்து வருகிறது. இந்தியச் சமஸ்தானங்களுக்கு வந்த பல கார்களுக்கு மன்னர் என்ன கேட்டார், விளக்கு எப்படி வேண்டும் என்றார் என்பதுவரை அந்தக் கார்டுகளில் எழுதியிருக்கிறது. ஆனால் தொழிற்சாலைக்குத் தெரிந்தது டீலர் வாசல் வரைதான். அதன் பிறகு கார் சர்வீஸுக்குத் திரும்பி வந்தால்தான் அதைப் பற்றி மீண்டும் ஒரு வரி எழுதப்படும்.

அடுத்த கண்ணிகளுக்கு அரசாங்கப் பதிவேடுகளைப் பார்க்க வேண்டும். இங்கே ஒவ்வொரு நாட்டின் வழக்கத்தையும் தெரிந்துகொள்ளாமல் இறங்கினால் தவறான முடிவுக்கு வருவோம். இத்தாலியில் 1927 முதல் வாகனங்களுக்கென்றே ஒரு பொதுப் பதிவேடு உண்டு. பிளேட் எண்ணைக் கொடுத்தால், அந்தக் கார் அந்த எண்ணோடு இருந்த காலம் முழுவதும் யார் யார் பெயரில் இருந்தது என்பதைக் கால வரிசையில் சான்றாகவே தருவார்கள். தேடுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய வரம் இல்லை. பிரிட்டனின் பதிவுச் சான்று, காரை வைத்து வரி கட்டுகிறவர் யார் என்பதைத்தான் சொல்கிறது. இது உரிமைக்கு ஆதாரமல்ல என்று அந்தக் காகிதத்திலேயே அச்சடித்திருப்பார்கள். பட்டாவில் பெயர் இருப்பதாலேயே கிரயம் ஆகிவிடாது என்பது நமக்குத் தெரிந்ததுதானே. தவிர, அங்கே பிடித்தமான நம்பரைக் கழற்றி வேறு காரில் மாட்டிக்கொள்ள அனுமதி உண்டு. சுவிட்சர்லாந்தில் இன்னும் ஒரு படி மேல்: பிளேட் காருக்கு உரியதே அல்ல, ஆளுக்கு உரியது. பழைய புகைப்படத்தில் ஜெனீவா பிளேட்டோடு ஒரு லம்போர்கினி மியூரா நின்றால், அந்த எண் காட்டுவது காரை அல்ல, அப்போது அதை ஓட்டிவந்த மனிதரை. அமெரிக்காவில் டைட்டில் என்ற உரிமைக் காகிதம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். 1994-இல் வந்த ஓட்டுநர் தனியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு, பிளேட் எண்ணைச் சொல்லி முகவரி வாங்கும் வழி அங்கே ஏறக்குறைய அடைபட்டுவிட்டது.

அரசாங்கக் காகிதம் கிடைக்காத இடத்தில்தான் ஆர்வலரின் உண்மையான திறமை தெரியும். ஒரு புகைப்படத்தை அவர்கள் படிக்கும் விதத்தைப் பாருங்கள். ஏதோ ஒரு ஐரோப்பிய நகரத்தில் உணவகத்தின் முன் ஒரு ஃபெராரி எஃப்40 நிற்கிறது, எண் தெரியவில்லை. முதலில் கண்ணாடியைப் பார்ப்பார்கள்: 1987-இல் அறிமுகமானபோது வந்த ஆரம்பக் கார்களில் பக்கக் கண்ணாடி பிளாஸ்டிக்கில் செய்து நகர்த்தித் திறப்பது, பின்னால் வந்தவற்றில் சுற்றி இறக்கும் கண்ணாடி. இந்த ஒன்றே 1,300-க்குச் சற்று மேற்பட்ட கார்களில் பெரும்பாலானவற்றை விலக்கிவிடும். பிறகு ஸ்டீயரிங் எந்தப் பக்கம், பிளேட்டின் வடிவம் எந்த நாட்டுடையது, பின் கண்ணாடியில் டீலரின் ஸ்டிக்கர் இருக்கிறதா, இருக்கையின் துணி பிறந்தபோது இருந்ததா அல்லது தோலாக மாற்றியதா என்று ஒவ்வொன்றாக வடிகட்டுவார்கள். கடைசியில் ஐந்தாறு எண்கள் மிஞ்சும். அவற்றில் ஒன்றின் பழைய விளம்பரத்தில் முன் பம்பரின் இடது ஓரத்தில் ஒரு கல் அடித்த தழும்பு இருந்து, அதே தழும்பு இந்தப் படத்திலும் இருந்தால், அன்றைக்கு அந்தக் கார் அந்த ஊரில் நின்றது என்று ஒரு வரி எழுதிக்கொள்வார்கள். ஒரு வரிதான்; ஆனால் அந்த வரி ஐந்தாண்டு இடைவெளி ஒன்றை மூடிவிடக்கூடும்.

நம் பிள்ளைகள் நாங்குநேரி சுங்கச்சாவடியில் நின்று, கன்னியாகுமரிக்குப் போகும் லம்போர்கினிகளைப் போனில் படம் பிடிப்பதைப் பெரியவர்கள் வெட்டி வேலை என்கிறார்கள். தேதியும் இடமும் பிளேட்டும் தெரியும் படம் என்றால் இருபது ஆண்டு கழித்து அது ஒரு சாட்சி. படத்தை வெட்டி அழகுபடுத்தாமல் அசல் கோப்பாகவே வைத்திருங்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள்.

புகைப்படத்துக்கு அடுத்து வருவது பில். சர்வீஸ் பில்லில் தேதியும் கிலோமீட்டரும் எண்ணும் ஒரே தாளில் இருக்கும் என்பதால், ஏல நிறுவனம் வழவழப்புத் தாளில் அச்சிடும் நான்கு பக்க வருணனையைவிட, எண்ணெய்க் கறை படிந்த ஒரு பட்டறை பில்லை நான் அதிகம் நம்புவேன். ஏலப் பட்டியலைக் குறை சொல்லவில்லை. ஆனால் அது விற்கிறவரின் தரப்பு. நம் ஊர் புரோக்கர் ‘ஒரே கை, டாக்டர் வண்டி’ என்று சொல்வதை எவ்வளவு நம்புவோமோ, அவ்வளவுதான் ஆதாரம் காட்டாத பட்டியல் வரியையும் நம்ப வேண்டும். பழைய கார்ப் பத்திரிகைகளின் வரி விளம்பரங்களும் உதவும்: விலை, நிறம், கிலோமீட்டர், சில நேரம் எண்ணின் கடைசி இலக்கங்கள்கூட அதில் இருக்கும். இவற்றையெல்லாம் பல பத்தாண்டுகளாகச் சேர்த்து வைத்திருக்கும் மார்செல் மசினி போன்ற ஃபெராரி வரலாற்றாளர்களிடம் ஒரு காரைப் பற்றிய கோப்பைக் கேட்டு வாங்கிய பிறகே பெரிய தொகைக்குக் கை நீட்டுகிறவர்கள் உண்டு. மனிதர்களிடம் கேட்பதென்றால், காரை வாங்கியவரைவிட அதைக் கழுவியவரும் கழற்றியவரும்தான் அதிகம் சொல்வார்கள். முதலாளிக்கு அந்தக் கார் பத்தில் ஒன்று. மெக்கானிக்குக்கு ஒவ்வொரு போல்ட்டும் நினைவிருக்கும்.

இத்தனை பாடும் ஏன் என்றால், எண்ணையே பொய்யாக்க முடியும் என்பதால்தான். சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் வேலையை ஆர்.டி.ஓ. அலுவலக வாசலில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அழுக்கைத் துடைத்து, மெல்லிய தாளை எண்ணின் மேல் ஒட்டி, பென்சிலின் பக்கவாட்டால் மெதுவாகத் தேய்த்தால் எண் வெள்ளையாக எழும்பும். சம்பிரதாயத்துக்குச் செய்கிறவர்கள் எண்ணை மட்டும் பார்த்துவிட்டுத் தாளை ஃபாரத்தில் ஒட்டிவிடுவார்கள். கவனித்துப் பார்க்கிறவர் எண்ணைச் சுற்றியுள்ள இடத்தைப் பார்ப்பார். அரைத்து அழித்த இடமானால் தாளில் ஒரே திசையில் மெல்லிய கோடுகள் விழும். தகடு சற்றுக் குழிந்திருப்பதால் நடுப்பகுதியில் கருமை குறையும். மற்ற இலக்கங்களெல்லாம் ஒரே ஆழத்தில் இருக்க, ஒன்று மட்டும் ஆழமாகவோ சாய்ந்தோ இருந்தால் அது பிறகு அடித்தது. தொழிற்சாலை அச்சுகளில் 4 திறந்திருக்குமா மூடியிருக்குமா, 1-க்குக் கீழே கோடு உண்டா என்பதெல்லாம் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால், பெரிய ஆர்வலர்கள் உறுதியான கார்களின் எண் படிகளைச் சேர்த்து வைத்து ஒப்பிடுகிறார்கள். பத்து லட்ச ரூபாய் காரானாலும் ஐம்பது கோடி காரானாலும் தகடு தகடுதான்.

எண்ணை அழிக்காமலேயே சிக்கல் வருவதும் உண்டு. 1954-இல் செய்யப்பட்ட ஃபெராரி 375 பிளஸ் ஒன்று, 0384 என்ற எண்ணுடையது, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஒருவரது வளவில் கிடந்து 1980-களின் கடைசியில் களவு போயிற்று. பிறகு பெல்ஜியத்தில் தலைகாட்டியது. உதிரிகள் அமெரிக்காவிலும் சேஸிஸ் ஐரோப்பாவிலுமாகப் பல ஆண்டு தகராறுக்குப் பின் 2014-இல் இங்கிலாந்தில் ஒரு கோடி பவுண்டுக்கு மேல் ஏலம் போனது. அதன் பிறகும் வழக்கு ஓயவில்லை. ஆவணங்களும் கைமாறிய தொகைகளும் இருந்தும், களவு என்ற ஒரு கண்ணி நடுவில் இருந்தால் அதற்குப் பிந்தைய எல்லாக் கண்ணிகளும் ஆடும்.

ஒரு காரில் எல்லாமே மாறிப் போனால் அது அதே கார்தானா என்ற கேள்வியை இங்கிலாந்து உயர் நீதிமன்றமே 1990-இல் விசாரித்திருக்கிறது. 1929-இலும் 1930-இலும் லெ மான் பந்தயத்தில் வென்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் காரை, ஓல்ட் நம்பர் ஒன் என்ற பெயரில் ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்டவர்கள், இது அந்தக் காரே அல்ல என்று பின்வாங்கினார்கள். 1929-இல் ஓடியபோது இருந்த பாகங்களில் மிகச் சிலவே மிச்சமிருந்தன என்பது உண்மைதான். ஆனால் அது ஒருபோதும் சிதறி மறையவில்லை, வேறொரு காராக ஆக்கப்படவில்லை, பந்தயத்துக்காக மாற்றப்பட்டும் பழுது பார்க்கப்பட்டும் ஒரே காராகத் தொடர்ந்து இருந்து வந்தது என்பதால், அந்தப் பெயருக்கு அது உரியதே என்று நீதிபதி தீர்ப்பளித்தார். உரிமை வரலாற்றின் அருமையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழக்கு எனக்குத் தெரியவில்லை: இரும்பு கைவிட்ட இடத்தில் தொடர்ச்சிதான் அந்தக் காரைக் காப்பாற்றியது. அந்தத் தீர்ப்போடு இன்றும் சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் நீதிபதியின் பக்கம்.

தேடல் எவ்வளவு வேகமாகவும் பலன் தரும் என்பதற்கு ஒரு சமீப உதாரணம். ஃபார்முலா ஒன் ஓட்டுநர் கெர்ஹார்ட் பெர்கரின் சிவப்பு ஃபெராரி எஃப்512எம், 1995 ஏப்ரலில் இமோலாவில் பந்தய வாரத்தின்போது அவர் கண்முன்னே களவு போனது. 28 ஆண்டுகள் ஒரு தகவலும் இல்லை. 2023-இல் அமெரிக்காவைச் சேர்ந்த ஒருவர், பிரிட்டனில் இருந்த ஒரு தரகர் வழியாக ஒரு காரை வாங்க முயன்று, அதன் எண்ணை ஃபெராரியிடம் சரிபார்த்தபோது அது பெர்கரின் கார் என்று தெரிந்தது. லண்டன் காவல் துறை நான்கே நாள் விசாரித்து, களவுக்குப் பிறகு சீக்கிரமே ஜப்பானுக்குக் கப்பல் ஏறிய கார் அது, 2023 கடைசியில்தான் பிரிட்டனுக்கு வந்தது என்று கண்டுபிடித்துக் கைப்பற்றியது. ஜப்பானில் இத்தாலியக் கார்களுக்கு நல்ல கிராக்கி இருந்த காலம் அது. அங்கே ஒரு நிறுத்தம் இருந்தால் ஆராய்ச்சியாளர்கள் எப்போதும் இரண்டாம் முறை பார்ப்பார்கள்.

விபத்து வரலாற்றைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. அடிபட்ட கார் என்றால் மதிப்புப் போயிற்று என்பது நம் சந்தையின் கணக்கு. நடிகர் ரோவன் அட்கின்சனின் மெக்லாரன் எஃப்1 இரண்டு முறை மோதியது. 2011 விபத்துக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனம் பழுது பார்க்கவே ஒன்பது லட்சம் பவுண்டுக்கு மேல் கொடுத்தது. அப்படியும் 2015-இல் அது ஏறத்தாழ 80 லட்சம் பவுண்டுக்கு விற்றது. எந்தப் பாகம் எப்போது எங்கே மாற்றப்பட்டது என்பது முழுக்க எழுத்தில் இருந்ததும், வேலை தயாரிப்பாளரின் கையாலேயே நடந்ததும் அதற்குக் காரணம். மறைக்கப்பட்ட சின்ன அடிதான் மதிப்பைக் கெடுக்கும். என் தொழிலிலும் அப்படித்தான்.

இனி நம் நாட்டு நிலைமை. இங்கே ஒரு சூப்பர் காரின் வரலாறு தொடங்குவது பில் ஆஃப் என்ட்ரி என்ற, சுங்கத் துறையின் இறக்குமதிக் காகிதத்தில். அந்தக் காகிதம் இல்லாமல் எத்தனை ஆர்.சி. காட்டினாலும் அது வேர் இல்லாத மரம். பாண்டிச்சேரிப் பதிவெண்ணோடு தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஓடும் சொகுசுக் கார்கள் ஏராளம். வரி குறைவு என்பதற்காக அங்கே ஒரு முகவரியைக் காட்டிப் பதிவு செய்து வழக்கில் மாட்டியவர்களும் உண்டு. அப்படிப்பட்ட காரில் ஆர்.சி.யில் உள்ள முகவரியை வைத்து உரிமையாளர் அங்கே வாழ்ந்தார் என்று எழுதிவிடக் கூடாது. 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத் துறை நடத்திய சோதனைகளில், பூட்டான் வழியாகக் கொண்டுவந்து வடமாநிலங்களில் பதிவு செய்ததாகச் சந்தேகிக்கப்பட்ட கார்கள் பல கைப்பற்றப்பட்டன. புளியரைச் சோதனைச்சாவடியைத் தாண்டினால் கேரளம் என்பதால் நம் பக்கத்து இளைஞர்களுக்கு அங்கிருந்து மலிவு விலைப் பேச்சுகள் வந்துகொண்டே இருக்கும். முதல் பதிவு தொலைதூர மலை மாநிலம் ஒன்றில், இறக்குமதிக் காகிதம் இல்லை என்றால், விலை எவ்வளவு இறங்கினாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொரு நோய் நம் ஊருக்கே உரியது. மோட்டார் வாகனச் சட்டம் 50-ஆம் பிரிவின்படி பெயர் மாற்றத்துக்கு விற்றவரும் வாங்கியவரும் குறிப்பிட்ட நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். அதற்குத்தான் 29, 30 ஃபாரங்கள். நடப்பில், விற்றவரிடம் தேதி போடாத கையெழுத்து வாங்கி, அந்த ஃபாரங்களோடே வண்டி மூன்று கை மாறும். பதிவேட்டில் இரண்டு பெயர் இருக்கும், வண்டியை ஓட்டியவர்கள் ஐந்து பேராக இருப்பார்கள். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பான உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொன்ன பிறகும் இந்த வழக்கம் முழுதாகப் போகவில்லை. ஆகவே, இந்தியக் கார் ஒன்றின் வரலாற்றைத் தேடுகிறவர் இன்சூரன்ஸ் பாலிசிகளையும் சேர்த்துத் தேட வேண்டும். நடுவில் வைத்திருந்தவர் பெயர் சில நேரம் அங்கேதான் அகப்படும்.

தம்பியின் ஆஸ்டினுக்கு வருகிறேன். ஏ40 கார்களை 1949 முதல் சென்னை எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் பூட்டி விற்றது. 1955-இல் அசோக் லேலண்ட் ஆன அதே நிறுவனம்தான். உங்கள் கார் அங்கே பூட்டப்பட்டதா, முழுக் காராகக் கப்பலில் வந்ததா என்பதை இன்ஜின் அறையில் இருக்கும் தகடு காட்டிக்கொடுக்கும். இங்கிலாந்தின் கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம், தன்னிடம் உள்ள பதிவேடுகளைப் பார்த்து ஆஸ்டின், மோரிஸ், எம்.ஜி. கார்களுக்குக் கட்டணத்துக்குச் சான்று தருகிறது. முழுக் காராக வந்ததென்றால் எழுதிக் கேட்பது பயனுள்ளது. பெட்டியில் உதிரியாக வந்து இங்கே பூட்டப்பட்டதென்றால் அங்கே அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

செங்கோட்டை என்பதால் ஒரு விஷயத்தை மறந்துவிடாதீர்கள். 1956 நவம்பர் 1 வரை அந்த ஊர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. உங்கள் தாத்தா அதற்கு முன்பே காரை அங்கே வைத்திருந்தாலோ, கொல்லம் பக்கத்து வியாபாரி ஒருவரிடமிருந்து வாங்கியிருந்தாலோ, முதல் பதிவைச் சென்னை மாநிலப் புத்தகங்களில் தேடுவது வீண். அதன் பிறகும் நம் மாவட்டம் இரண்டு முறை பிரிந்திருக்கிறது: 1986-இல் தூத்துக்குடி, 2019-இல் தென்காசி. 1989-இல் டி.என். வரிசை வருவதற்கு முன் இருந்த மூன்றெழுத்து எண்ணாக இருந்தால், அந்தப் பதிவேடு இன்று திருநெல்வேலி அலுவலகத்தில் இருக்கிறதா, தென்காசிக்குப் போய்விட்டதா என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்க வேண்டியது பி ரிஜிஸ்டர் எக்ஸ்ட்ராக்ட், அதாவது அலுவலகப் பதிவேட்டில் அந்த வண்டிக்குரிய பக்கத்தின் நகல். விபத்து வழக்குகளுக்கு வக்கீல்கள் வழக்கமாக வாங்குவது என்பதால் அலுவலகத்தில் இந்தப் பெயர் சொன்னால் புரியும். புத்தகம் கிடைத்தால், பெயர் மாற்றங்கள், ஹைப்பாத்திகேஷன் (வண்டியின் மேல் கடன் பிடிப்பு) இருந்த நிதி நிறுவனம், நிறம் மாற்றியது எல்லாம் அதில் வரும்.

அலுவலகத்தில் கிடைக்காவிட்டால் வீட்டு ஆல்பத்தைத் திறங்கள். நம் ஊரில் கார் வைத்திருந்த எந்தக் குடும்பமும் ஆயுத பூஜைக்கு மாலை போட்டுப் படம் எடுக்காமல் இருந்ததில்லை. மாலை பெரும்பாலும் பிளேட்டை மறைக்காது. கல்யாண ஊர்வலப் படங்களிலும் முன்பக்கம் தெரியும். இரண்டு படங்களில் இரண்டு எண்கள் இருந்தால், கார் வேறு மாநிலத்திலிருந்து வந்து மறுபதிவு ஆனது என்றோ, தாத்தாவிடம் இரண்டு கார்கள் இருந்தன என்றோ பொருள். எது என்று முன்விளக்கின் அமைப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள். 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகு அரண்மனைகளிலிருந்தும், வெள்ளைக்கார மேலாளர்கள் ஊர் திரும்பியபோது பாபநாசம் மில் பக்கத்திலிருந்தும் கார்கள் கைமாறியதாகப் பல குடும்பங்களில் சொல்வார்கள். சிங்கம்பட்டி ராஜா கார் என்று சொல்லப்படும் வண்டிகள் தாமிரபரணிக் கரையில் எத்தனை! கேட்க இனிமையாக இருக்கும். காகிதம் வரும்வரை ‘குடும்பத்தில் சொல்வது’ என்ற தலைப்பின் கீழ் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தாத்தாவின் டிரைவரோ, அவர் மகனோ இன்னும் இருந்தால், மற்ற எல்லா வேலைக்கும் முன் அவரைப் போய்ப் பாருங்கள். பெயரைக் கேட்காதீர்கள், நிகழ்ச்சியைக் கேளுங்கள்: வண்டியை எந்த ஊரிலிருந்து எடுத்து வந்தீர்கள், வழியில் எங்கே நின்றது, பெட்ரோல் எங்கே போட்டீர்கள் என்று கேட்டால் பெயர் தானாக வரும்.

முன்னாள் உரிமையாளர்களின் பெயர்களைக் கண்டுபிடித்த பிறகு அவற்றை எல்லாம் வெளியிட வேண்டும் என்பதில்லை. உயிரோடு இருக்கிறவரின் முகவரியை எழுதுவது அநாகரிகம். விலை உயர்ந்த கார் என்றால் திருடனுக்கு வழி காட்டுவதும் ஆகும். ‘மதுரையில் ஒரு வணிகர், 1961 முதல் 1968 வரை’ என்பது வரலாற்றுக்குப் போதும். அரசு இணையதளத்தில் இப்போது உரிமையாளர் பெயரில் பாதி எழுத்துகளை மறைத்துத்தான் காட்டுகிறார்கள். அதை முழுதாக வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கிறவர்களிடம் போகாதீர்கள்.

கார் இன்னும் தாத்தா பெயரில் இருந்தால், வாரிசுச் சான்றிதழோடு 31-ஆம் ஃபாரம் கொடுத்து முதலில் உங்கள் அப்பா பெயருக்கு மாற்றுங்கள். காருக்கு உரிமையாளர் என்ற தகுதியோடு கேட்டால்தான் பழைய பதிவேட்டின் நகலை அலுவலகம் எளிதில் கொடுக்கும். ஆர்.சி. தொலைந்திருந்தால் காவல் நிலையப் புகார்ச் சான்றும் 26-ஆம் ஃபாரமும் வேண்டும். 50 ஆண்டைக் கடந்து, அடிப்படை மாற்றம் செய்யாமல் இருக்கும் வண்டிகளுக்கு 2021 முதல் வி.ஏ. என்ற எழுத்துகளோடு தனிப் பதிவு உண்டு. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். அன்றாட ஓட்டத்துக்கும் வாடகைக்கும் அனுமதி இல்லை. அதற்காகவேனும், டிங்கரிடம் விடுவதற்கு முன், பெயின்டைச் சுரண்டுவதற்கு முன், சேஸிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் பென்சில் படி எடுத்து, தகட்டையும் நம்பர் பிளேட்டையும் நல்ல வெளிச்சத்தில் படம் பிடித்து வைத்துவிடுங்கள். தகட்டின் திருகுகளைக் கழற்ற வேண்டாம். அவை மாற்றப்படாத பழைய திருகுகள் என்பதும் ஓர் ஆதாரம்தான்.